இசையோடு வாழ்ந்த அப்பா இப்போது பாட்டே வேண்டாம் என்கிறார்: நாங்கள் என்ன செய்யலாம்?

செவ்வழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்கு வயது 74. மேடையில் பாடியவர் அல்லர். கச்சேரி செய்ய வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்ததில்லை. ஆனால் விடியற்காலையில் தம்புராவை எடுத்துச் சுருதி சேர்த்து அரை மணி நேரமாவது பாடாமல் அவர் எந்த நாளையும் தொடங்கியதில்லை. நானும் தம்பியும் முறையாகப் பாட்டு வகுப்புக்குப் போவதற்கு முன்பே, பாதித் தூக்கத்தில் காதில் விழுந்த அந்த அரை மணி நேரத்தில்தான் சுருதி என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டோம். எங்கள் வீட்டில் சண்டையும் சமாதானமும்கூடப் பாட்டின் வழியாகவே நடக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏதேனும் மனத்தாங்கல் வந்துவிட்டால், அம்மா அடுத்த அறையில் இருந்துகொண்டு ஒரு பல்லவியை வேண்டுமென்றே ஒரு சுரம் தவறவிட்டுப் பாடுவார். அதைத் திருத்தாமல் இருக்க அப்பாவால் முடியாது. திருத்துவதற்காக அவர் வாயைத் திறந்துவிட்டால் அன்றைய மௌனம் அதோடு முடிந்துவிடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், அப்பா தம்புராவில் தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரைமேல் ஜீவா நூலை நகர்த்திக்கொண்டே இருந்தார். தந்திக்கும் குதிரைக்கும் இடையில் செருகியிருக்கும் அந்தச் சிறு நூல் சரியான இடத்தில் நின்றால்தான் தந்தி ரீங்கரிக்கும் என்பது தம்புரா மீட்டியவர்களுக்குத் தெரியும். எனக்கு அது அறை முழுவதும் நிறைந்து கேட்டது. அவரோ நூலை மேலே தள்ளுவதும் கீழே இழுப்பதுமாக இருந்துவிட்டு, "ஜீவனே பிடிக்கவில்லையே, தந்தியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது" என்றார். தந்தி நான்கையும் மாற்றினோம். மறுநாளும் அதையே சொன்னார். கோளாறு தந்தியில் இல்லை என்பது எங்களுக்கு விளங்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

பரிசோதனையில், இரு காதுகளிலும் உயர்ந்த அதிர்வெண்களில் கேட்கும் திறன் குறைந்திருப்பதாகவும் அது வயதின் காரணமாக வந்தது என்றும் சொன்னார்கள். காது கேட்கும் கருவி பொருத்தினோம். பேச்சு நன்றாகவே கேட்கிறது, தொலைபேசியில் பேசுகிறார், பேத்தி சொல்லும் கதைக்குச் சிரிக்கிறார். இசை மட்டும் கெட்டுவிட்டது. குழலோசை நடுங்குவதாகச் சொல்கிறார். தம்புரா நான்கைந்து நொடி ஒலித்துவிட்டுத் தானாகவே பின்வாங்கிப் போகிறதாம். அவர் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் பாடகியின் குரல் "யாரோ தகரக் குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல்" இருக்கிறதாம். கருவியைப் பொருத்தியவர்களிடம் இதைச் சொன்னபோது, பேச்சு தெளிவாகக் கேட்கிறதல்லவா, மற்றது போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தம்பி ஒலியைக் கூட்டி வைத்துப் பார்த்தான். அப்பா முகத்தைச் சுளித்துக் கையால் காதைப் பொத்திக்கொண்டார்.

அதன்பிறகு அவர் பாட்டுக் கேட்பதையும் பாடுவதையும் நிறுத்திவிட்டார். அவர் மனம் வருந்தக்கூடாது என்று நாங்களும் வீட்டில் பாடுவதை நிறுத்திவிட்டோம். வயலின் கற்கும் என் மகள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாதகம் செய்கிறாள். சென்ற வாரம் அப்பா என்னை அழைத்து, தம்புராவைப் பயன்படுத்துகிற யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.

இந்த நிலையைக் கடந்து வந்தவர்களோ இதைப் பற்றி அறிந்தவர்களோ இங்கே இருந்தால் வழிகாட்டுங்கள். இசை அவருக்கு உண்மையிலேயே முடிந்துவிட்டதா? அவரை அவர் போக்கில் விட்டுவிடுவதுதான் நல்லதா?

முல்லையாழ்

நான் செவித்திறன் வல்லுநராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் தந்தையை நேரில் பார்க்காமல் அவருடைய செவியைப் பற்றி முடிவாக எதுவும் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு குறையும் எங்கள் துறையில் நன்கு அறியப்பட்டது. அவற்றுள் சிலவற்றுக்குக் காரணம் அவருடைய காது அன்று, கருவி அமைக்கப்பட்டிருக்கும் விதம். ஆகவே தம்புராவை இப்போது யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் காதைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு உட்செவியின் நத்தைச்சுருளிலும் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. சுருளின் வாயிலை ஒட்டியிருப்பவை உயர்ந்த அதிர்வெண்களையும் உள்முனையில் இருப்பவை தாழ்ந்த அதிர்வெண்களையும் ஏற்கின்றன. வயதாகும்போது வாயிலோரச் செல்களே முதலில் அழிகின்றன. மனிதர்களுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. பியானோவின் வலக்கோடிக் கட்டையின் அதிர்வெண்ணே 4,186 ஹெர்ட்ஸ்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், பாடப்படும் சுரங்களின் அடிப்படை அதிர்வுகள் அனைத்தும் அதற்குக் கீழேயே அடங்கிவிடுவது தெரியும். அதற்கு மேலே இருப்பவை பெரும்பாலும் மேற்சுரங்கள், அதாவது அடிப்படை அதிர்வோடு சேர்ந்தே எழும் உயர்ந்த அதிர்வுகள். ஒரு குரலை இன்னாருடைய குரல் என்று காட்டுவதிலும், வில் தந்தியை உரசும் ஓசையிலும், ஜீவா நூல் எழுப்பும் ரீங்காரத்திலும் அந்த மேற்சுரங்களுக்கே பெரும்பங்கு. உங்கள் தந்தை ஜீவன் பிடிக்கவில்லை என்று சொன்னது முற்றிலும் உண்மை. எந்தப் பரிசோதனைக்கும் முன்பே தம் செவியின் குறையை அவர் தந்தியின் மூலம் மிகத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்.

இனிக் கருவியைப் பார்ப்போம். காது கேட்கும் கருவி முதன்மையாகப் பேச்சுக்காக உருவாக்கப்பட்டது. ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணமாகப் பேசும் குரல் ஏறத்தாழ 60 முதல் 65 டெசிபெல் அளவில் இருக்கும். இசையோ மிக மெல்லிய ஒலியிலிருந்து 100 டெசிபெல்லுக்கு மேலும் தாவும். கருவியின் நுழைவாயில் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி ஒலி வந்தால், உள்ளே எந்தத் திருத்தமும் நடப்பதற்கு முன்பே அதன் உச்சி வெட்டுப்பட்டுவிடுகிறது. தகரக் குழாய் போன்ற ஓசைக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வெட்டுப்பட்ட ஒலியைப் பின்னர் எந்த அமைப்பாலும் ஒட்டவைக்க முடியாது.

குழல் நடுங்குவதற்குக் காரணம் வேறு. கருவியில் விசில் எழாமல் தடுக்க ஃபீட்பேக் தடுப்பு என்றோர் ஏற்பாடு உண்டு. நீண்டு நிற்கும் தூய சுரம் எதைக் கேட்டாலும் அது விசிலாக இருக்குமோ என்று அந்த ஏற்பாடு ஐயப்பட்டு அழிக்க முயல்கிறது. அந்த முயற்சியில்தான் சுரம் அலைகிறது. தம்புரா பின்வாங்குவது இன்னும் வருத்தத்துக்குரியது. பேச்சு ஏறி இறங்கும் இயல்புடையது என்பதால், ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராகத் தொடரும் ஒலியை மின்விசிறி, எந்திரம் போன்றவற்றின் இரைச்சலாகக் கருதிச் சில நொடிகளில் குறைத்துவிடும்படி கருவிக்குக் கற்பித்திருக்கிறார்கள். நாதத்துக்கு அடித்தளமாக இடையறாது நிற்க வேண்டும் என்பதற்காகவே மீட்டப்படும் தம்புராவை, அது நிற்கிறது என்ற காரணத்துக்காகவே கருவி ஒதுக்கிவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் தீர்வு கேட்டுப் பெறக்கூடியதுதான். இப்போதைய கருவிகள் பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட புரோகிராம்களைச் சேர்க்க முடியும். பேச்சுக்கான அமைப்பை அப்படியே விட்டுவிட்டு, இசைக்கென்று தனியாக ஒன்றை அமைத்துத் தரச் சொல்லுங்கள். அதில் இரைச்சல் குறைப்பை முழுமையாக நிறுத்த வேண்டும். ஃபீட்பேக் தடுப்பை நிறுத்தவோ மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவரவோ வேண்டும். முன்னால் வரும் ஒலியை மட்டும் பிடிக்கும் மைக் அமைப்பு இருந்தால் அதை எல்லாப் பக்கமும் கேட்பதாக மாற்ற வேண்டும். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் அமுக்கத்தை மென்மையாக்க வேண்டும். உயர்ந்த அதிர்வெண்களைக் கீழே இறக்கிக் கொடுக்கும் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 'ஸ' போன்ற ஒலிகளைப் பிரித்தறிய அது உதவினாலும், மேற்சுரங்களை அவற்றுக்குரிய இடத்திலிருந்து பெயர்த்துவிடுவதால் சுருதி உணர்வுள்ளவருக்கு அது பெரும் துன்பம். அப்பாவைத் தம்புராவோடு அழைத்துச் சென்று, அங்கேயே மீட்டியபடி அமைக்கச் சொல்வது எல்லாவற்றிலும் சிறந்தது.

தம்பியிடம் ஒலியைக் கூட்ட வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள். இவ்வகைக் குறைபாட்டில் மெல்லிய ஒலி கேட்காமல் போகும். ஆனால் உரத்த ஒலி மற்றவர்களுக்குக் கேட்கும் அளவுக்கே, சிலசமயம் அதைவிடக் கூசும்படியும் கேட்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வெளி குறுகிவிடுகிறது. வீட்டில் பாட்டு வைக்கும்போது ஒலிபெருக்கியின் அளவைக் குறைத்துவிட்டுக் கருவியின் அளவைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். நுழைவாயிலில் வெட்டு விழாமல் தப்பிக்க இந்தச் சிறு மாற்றமே பலருக்கு உதவியிருக்கிறது.

கடைசியாக ஒன்று: காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால், அதை வயதின் மேல் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கான சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

விளரி

முல்லையாழ் அவர்கள் கருவியின் பக்கத்தைத் தெளிவாக விளக்கிவிட்டார்கள். நான் காதுக்கு உரியவனின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கும் இரு காதுகளிலும் குறைபாடு உண்டு. கருவி அணியத் தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. இசையைக் கேட்டே வளர்ந்தவன். வேறு எந்தச் செல்வத்தையும் நான் இவ்வளவு பற்றோடு பேணியதில்லை.

உங்கள் அப்பா இசையை வெறுத்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். நானும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எதையும் கேட்காமல் இருந்தேன். ஒரு பாட்டு காதில் சிதைந்து விழும்போது, நினைவில் இருக்கும் அதன் நல்ல வடிவத்தையும் அது அழித்துவிடுமோ என்ற அச்சம் வந்துவிடுகிறது. இருக்கிற நினைவையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்றுதான் கேட்பதை நிறுத்துகிறோம். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது விருப்பமின்மையாகத் தெரிகிறது.

அந்த ஆண்டுகளில் என் வீட்டாரும் உங்களைப் போலவே நடந்துகொண்டார்கள். நான் அறைக்குள் வந்தால் வானொலியை நிறுத்துவார்கள். பாடிக்கொண்டிருந்த என் மனைவி பாதியில் விட்டுவிடுவார். எனக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் நுழையும் இடமெல்லாம் இசை வெளியேறுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பது, பாட்டு சிதைந்து கேட்பதைவிடக் கொடுமையாக இருந்தது. உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறாள் என்று படித்தபோது என் மனம் கனத்துப்போனது. அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டில் இசை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

மீண்டும் கேட்கத் தொடங்கியபோது நான் செய்தவற்றைச் சொல்கிறேன். புதிய பாட்டுகளைத் தொடவில்லை. வரிக்கு வரி மனப்பாடமான சிலவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டேன். காதுக்கு எட்டாததை மனம் நிரப்பிக்கொள்ள அப்போதுதான் வழி இருக்கிறது. பல கருவிகள் கலந்து ஒலிப்பவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரே குரல், அல்லது ஒரே வீணை என்று தொடங்கினேன். தாழ்ந்த குரல்கள் உயர்ந்த குரல்களைவிட முதலில் கைகூடின. பாட்டின் சொற்களை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டேன். மெய்யெழுத்துகள் காதில் தேய்ந்துபோனாலும் கண் அவற்றைக் கொடுத்துவிடும். முதல் நாள் பத்து நிமிடம்தான் தாக்குப்பிடித்தேன். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலையில், நான் கருவியை நினைக்காமலேயே ஓர் ஆலாபனையைக் கடைசிவரை கேட்டிருந்தேன் என்பது அது முடிந்த பிறகே எனக்கு உறைத்தது.

உங்கள் அப்பாவிடம் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: சுரத்தின் நிறம் மட்டும் மாறியிருக்கிறதா, இடமே மாறியிருக்கிறதா? ஒரே சுரம் இரண்டு காதுகளிலும் சற்று வேறுவேறு உயரத்தில் கேட்பதும் உண்டு. எனக்கு அது இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கேப்ரியல் ஃபோரே (1845–1924) பாரிஸ் இசைக் கல்லூரியின் தலைவராக இருந்த காலத்திலேயே அவர் செவி பழுதாகத் தொடங்கியது. கேட்கும் திறன் குறைந்ததோடு, தாழ்ந்த சுரங்கள் உயர்ந்தும் உயர்ந்த சுரங்கள் தாழ்ந்தும் அவர் காதில் விழுந்தன. பீத்தோவனின் செவிட்டுத்தன்மையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ ஃபோரேயின் நிலைதான் நெஞ்சை அறுக்கிறது. ஒன்றும் கேட்காமல் இருப்பது வேறு, தம் பாட்டே தமக்குப் பிழையாகக் கேட்பது வேறு. அப்படியிருந்தும் அவர் நான்கு தந்திக் கருவிகளுக்கான தம் ஒரே நால்வர் இசையை 1924-இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு எழுதி முடித்தார். நடுப்பகுதிச் சுரங்கள் ஓரளவு நம்பத்தக்கவையாகவே இருந்தன என்பார்கள். அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் அப்பாவுக்கும் எந்தப் பகுதி இன்னும் நம்பத்தக்கதாக இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

செவ்வழி

இருவருக்கும் என் நன்றியைச் சொல்லச் சொற்கள் போதவில்லை. விளரி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவிலேயே எழுந்து போய் மகளின் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கருவி நிலையத்தில் இசைக்கான புரோகிராம் வேண்டும் என்று கேட்டு நேரம் வாங்கியிருக்கிறோம்.

அப்பாவிடமும் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, சுரங்கள் தம்தம் இடத்தில்தான் இருக்கின்றன, மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வை, தாண்டினால்தான் எதையும் நம்ப முடியவில்லை என்றார். தாளத்தில் எந்தக் குழப்பமும் இல்லையாம். ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மகள் அவர் எதிரில் வாசிக்கத் தயங்குகிறாள். தாத்தாவுக்குக் காது வலிக்குமோ என்று பயப்படுகிறாள். வயலின் உயர்ந்த ஒலியுடைய கருவி என்பதால் எனக்கும் தயக்கம் இருக்கிறது.

குறிஞ்சியாழ்

நான் வயலின் ஆசிரியை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

குழந்தையை இரண்டு மீட்டர் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். தாத்தாவின் காதுக்கு நேராக வயலினின் முகம் இருக்க வேண்டாம். திரைச்சீலை, விரிப்பு, மெத்தை இருக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சுவர்கள் உள்ள அறையில் ஒலி எதிரொலித்துக் குழம்பிவிடும். முதல் சில நாள்களுக்குக் கீழ்த்தந்திகளில் மட்டும் வாசிக்கட்டும். கீழ் ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் நீண்ட வில் இழுப்பது அவளுக்கும் நல்ல சாதகம். அவருக்கும் அது எட்டும் எல்லைக்குள் இருக்கிறது. தாளத்தில் குழப்பமில்லை என்கிறாரல்லவா, அப்படியானால் அவரையே தாளம் போடச் சொல்லுங்கள். வர்ணம் என்ற பயிற்சி உருப்படியை இரண்டாம் காலத்தில், அதாவது இரு மடங்கு வேகத்தில், வாசிக்கும்போது ஓடிவிடுகிற பிள்ளைகளை இழுத்துப் பிடிக்க, பழகிய கை ஒன்று தொடையில் விழுவதைவிடச் சிறந்த துணை கிடையாது.

அவர் ரசிப்பதற்காகக் குழந்தை வாசிக்கிறாள் என்று ஆக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் இருவர்மேலும் பாரம் ஏறும். அவளுக்கு அவருடைய உதவி தேவைப்படுகிறது என்பதுதான் உண்மை நிலவரம். அதையே சொல்லுங்கள். தம்புராவின் அருகில் உட்காரும்போது அவர் உள்ளங்கையை அதன் அடியிலுள்ள உருண்டைக் குடத்தின்மேல் வைத்துக்கொள்ளலாம். பழுதான காதை அது சரிசெய்துவிடாது. ஆனால் தாழ்ந்த சுரத்துக்கான மந்தரத் தந்தியின் அதிர்வு கைக்கு நன்றாகத் தெரியும், சுருதியோடு உடம்பால் ஒட்டியிருக்கும் உணர்வு கிடைக்கும். மிக இளம் வயதிலேயே செவித்திறனைப் பெரும்பாலும் இழந்த ஸ்காட்லாந்துத் தாளக்கருவிக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி, அதிர்வு கால் வழியே ஏறுவதற்காகச் செருப்பில்லாமல் மேடையில் நின்று வாசிப்பவர்.

செவ்வழி

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருளுங்கள், நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

தம்புராவை உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டே கருவி நிலையத்துக்குப் போனோம். இம்முறை எங்களைப் பார்த்தவர் பொறுமைசாலி. முல்லையாழ் அவர்கள் குறிப்பிட்டவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, அதிர்வெண்ணைக் கீழிறக்கும் வசதி இயக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து நிறுத்தினார். நான் மீட்ட மீட்ட இரைச்சல் குறைப்பையும் நிறுத்தினார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பத்து நொடி, இருபது நொடி என்று நான் மனத்துக்குள் எண்ணினேன். முகத்தை நிமிர்த்தாமலேயே, "போகவில்லை. நிற்கிறது" என்றார்.

எல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குழல் இன்னமும் அவருக்கு ஆகவில்லை, அதைக் கேட்பதில்லை. இசை புரோகிராமில் இருக்கும்போது இடையில் யாராவது பேசினால் ஒன்றும் புரிவதில்லை என்பதால், பாட்டு நேரத்தில் நாங்கள் பேசுவதை விட்டுவிட்டோம். அந்தப் பாடகியின் குரல் பழைய குரலாக இல்லை என்கிறார். ஆனால் நடு உயரமான மத்திய ஸ்தாயியில் அந்தப் பாடகி பாடும் விருத்தங்களில் நாள்தோறும் ஒன்றைக் கேட்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை அம்மா தம் பழைய வழக்கப்படி பல்லவியில் ஒரு சுரத்தை நழுவவிட்டார். அப்பா உடனே திருத்தினார். அன்று அவர்களுக்குள் சண்டை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

காலையில் இப்போது அவர் ஒருவராகச் சுருதி சேர்ப்பதில்லை. தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகிப் பஞ்சமத்தையும் ஷட்ஜங்களையும் அவர் சேர்க்கிறார். மகள் இன்னும் அரைகுறையாகத்தான் அதைப் பிடிக்கிறாள், அவருக்கு அதில் பிசகுவதில்லை. பிறகு குடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்க்கிறார். அவள் குதிரைமேல் குனிந்து, ஜீவா நூலை நகத்தால் மயிரிழை அளவு தள்ளித் தள்ளி, தனக்கு மட்டும் கேட்கும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "பிடித்துவிட்டது தாத்தா" என்கிறாள். அவர் பாடத் தொடங்குகிறார்.